ஏசியில் உட்கார்ந்து வியர்ப்பவர்கள்

இரண்டு வாரமாகத் தபால் பையில் ஒரே வெக்கை. சினிமா, ஜோசியம், அரசியல் கூட்டணி எல்லாம் ஒதுங்கிவிட்டன. மயிலையிலிருந்து அடையாறு வரை வாசகர்கள் கையைப் பிசைகிறார்கள்: பூமி சூடாவதற்கு நான்தான் காரணமோ? சரி, இந்த வாரம் பூராவும் அதுதான். விசிறியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கே: ராத்திரி ஏசி போட்டால் மனசு உறுத்துகிறது. போடாவிட்டால் தூக்கம் வரவில்லை. என்ன செய்ய?
— தூக்கம் கெட்டவர், தெற்கு மாட வீதி

ப: 24-இல் வையுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 முதல் புது ஏசிகள் கண் விழிப்பதே 24-இல்தான். 18-இல் வைத்துக் கம்பளி போர்த்திக்கொள்கிறாரே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர், உறுத்த வேண்டியது அவருக்கு. அவர் குறட்டை விடுகிறார்.

கே: இந்தக் 'கார்பன் தடம்' என்ற சொல்லை ஊரெல்லாம் பரப்பியது யார், மாமா?
— சொல்லாராய்ச்சி, லஸ்

ப: பெட்ரோல் விற்கிறவர்கள். பி.பி. என்கிற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விளம்பரக்காரர்களைப் பிடித்து அந்தச் சொல்லை ஊர் ஊராக ஓட்டியது. உங்கள் தடத்தை நீங்களே கணக்குப் பார்க்க 2004-இல் ஒரு கருவியும் வெளியிட்டது. கல்யாண வீட்டில் அண்டாவோடு பாயசத்தைக் குடித்தவன், கை கழுவுகிற இடத்தில் உங்களைப் பார்த்து, "ஸார், ரெண்டாவது அப்பளம் வாங்கினீங்க போல?" என்று கேட்டானாம்.

கே: நம் பங்குதான் எவ்வளவு? உள்ளதைச் சொல்லுங்கள்.
— கணக்கு வாத்தியார் (ஓய்வு), அபிராமபுரம்

ப: கார்பன் டை ஆக்சைடு கணக்கில் இந்தியர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன். உலக சராசரி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அமெரிக்கருக்குச் சுமார் பதினான்கு டன். உடனே மார் தட்டாதீர்கள். இரண்டு காரும் மூன்று ஏசியும் வைத்துக்கொண்டு 'சராசரி இந்தியன்' முதுகுக்குப் பின்னால் ஒளிவது நம் பேட்டை வழக்கம். அவன் ஒல்லி. உங்களை மறைக்க மாட்டான்.

கே: மகன் கலிபோர்னியாவில். வருஷம் ஒரு தரம் பேரனைப் பார்க்கப் போகிறோம். பாவமா?
— பாட்டி, காந்தி நகர், அடையாறு

ப: போய்வர ஒருவருக்கு இரண்டு டன்னுக்குக் குறையாது. ஒரு சராசரி இந்தியரின் முழு வருஷக் கணக்கை இரண்டு விமானத் தூக்கத்தில் தீர்த்துவிடுகிறீர்கள். அதற்காகப் பேரனைப் பார்க்காமல் இருப்பதா? போங்கள், பாட்டி. வருஷா வருஷம் மூன்று வாரம் போவதற்குப் பதில் மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் ஆறு மாதம் தங்குங்கள். பூமி சம்மதிக்கும். மருமகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: நான் சுத்த சைவம். எனக்கு இந்தப் பாவத்தில் பங்கில்லை அல்லவா?
— தயிர்சாதப் பிரியர், மேற்கு மாம்பலம்

ப: வயலில் தண்ணீர் கட்டி நெல் விளைந்தால் அடியிலிருந்து மீத்தேன். பசு அசை போட்டு ஏப்பம் விட்டால் மீத்தேன். உங்கள் தயிர்சாதம், மீத்தேன் மேல் மீத்தேன் ஊற்றி மாதுளை முத்து தூவியது. நூறாண்டுக் கணக்கில் அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 28 மடங்கு சூடு பிடிக்கும். தஞ்சாவூர்க்காரர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று வயலைக் காயவிட்டுக் காயவிட்டு நீர் விட்டால் மீத்தேன் குறைகிறது. ஆட்டுக்கறிக்காரரைவிட உங்கள் கணக்கு லேசுதான், சந்தேகமில்லை. 'சுத்த' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கே: உலகம் அழியுமா?
— சுருக்கமாகக் கேட்பவன், ஆழ்வார்பேட்டை

ப: அது 450 கோடி வருஷம் பார்த்த கிழம். வீட்டுக் கடன் பாக்கி வைத்திருக்கிறவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

கே: மழை பெய்தால் எங்கள் தெருவில் மட்டும் முழங்கால் தண்ணீர். இது பருவநிலை மாற்றம்தானே?
— இல்லத்தரசி, தி.நகர்

ப: அம்மா, தண்ணீர் வரவில்லை, திரும்பி வந்திருக்கிறது. மயிலாப்பூரையும் நுங்கம்பாக்கத்தையும் தொட்டுக்கொண்டு 'லாங் டேங்க்' என்று ஒரு நீள ஏரி கிடந்தது. 1920-களில் தூர்த்து மனை போட்டார்கள். பிட்டி தியாகராயர் பெயர் நகருக்குக் கிடைத்தது. ஏரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. லேக்கும் கிடையாது, வியூவும் கிடையாது. பத்திரம் உங்கள் பெயரில் இருக்கலாம். மூலப் பத்திரம் ஏரியிடம்.

சூட்டுக்கும் பங்கு உண்டு. ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அதனால் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். எங்கே போய் நிற்பது என்பதை மட்டும் நாம் தீர்மானித்துக் கொடுத்தோம். 'ஸ்மார்ட் சிட்டி' வேலையெல்லாம் நடந்த பிறகும் 2021 நவம்பரில் தி.நகர் மூழ்கியது. ஸ்மார்ட் யார் என்று ஏரி காட்டிவிட்டது.

கே: வள்ளுவர் கோட்டம்கூட ஏரித் தரைதானாமே?
— குறள் அன்பர், கோடம்பாக்கம்

ப: ஆமாம், 1976-இல் திறந்தது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே மழையை வைத்தவருக்கு, மழை தங்கும் இடத்தைத் தூர்த்து மண்டபம் கட்டியிருக்கிறோம். அவர் ஒன்றே முக்கால் அடியில் ஏதாவது சொல்லியிருப்பார். நல்ல வேளை, இல்லை.

கே: 2015 வெள்ளம் இயற்கை செய்ததா, மனிதன் செய்ததா?
— முதல் மாடி வரை நனைந்தவர், கோட்டூர்புரம்

ப: 2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி. அடையாறு வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்தது. 1878-இல் தொடங்கிய 'தி ஹிந்து' மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை; வரலாற்றில் முதல் தடவை. பேப்பர் இல்லாமல் காபி இறங்காமல் மயிலாப்பூர் தவித்தது.

பின்னால் வந்த மத்தியத் தணிக்கை அறிக்கை, மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. எந்த மனிதர் என்று கேட்டபோது எல்லாரும் மேகத்தைக் கை காட்டினார்கள். ஆனால் மேகத்தை விசாரித்தவர்களும் உண்டு. ஒரு விஞ்ஞானிக் குழு அந்த ஒருநாள் மழையை அலசிவிட்டு, புவிச் சூட்டின் கைரேகை இதில் தெளிவாகக் கிடைக்கவில்லை என்று 2016-இல் எழுதியது. ஊரில் நடக்கிற எல்லாத் திருட்டையும் மாட்டிய ஒருவன் தலையில் எழுதுவது போலீஸ் ஸ்டேஷன் பழக்கம். விஞ்ஞானத்தில் செல்லாது. 'எல்லாம் குளோபல் வார்மிங் ஸார்' என்று எவராவது கையை விரித்தால், முதலில் அவர் கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஏரியாக இருக்கும்.

கே: அப்படியென்றால் பெரிய குற்றவாளிதான் யார்?
— துப்பறியும் மாமி, மந்தைவெளி

ப: ரிச்சர்ட் ஹீடி என்ற ஆராய்ச்சியாளர் 2013-இல் கணக்கெடுத்தார். தொழிற்புரட்சிக் காலம் தொட்டு மனிதன் தொழில்வழி வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு, மீத்தேனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, வெறும் 90 நிறுவனங்கள் தோண்டியும் தயாரித்தும் விற்ற எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, சிமென்ட் ஆகியவற்றிலிருந்து வந்தது. 90 பேர் என்றால் காலை ஒன்பது மணிக்கு ஒரே தாம்பரம் பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். நம் கோல் இந்தியாவும் அதில் உண்டு. ஃபுட்போர்டில்.

கே: அப்பாடா! அப்போது நான் பொறுப்பில்லை.
— அதே மாமி

ப: அவசரப்படாதீர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை கிணற்றில் விழுந்துவிட்டது. நீங்கள் தள்ளவில்லை; ஊருக்கே தெரியும். இருந்தாலும் 'நான் தள்ளவில்லை' என்று கிணற்றடியில் நின்று சத்தியம் செய்துகொண்டிருப்பீர்களா, கயிறு தேடுவீர்களா? குற்றம் வேறு, மாமி, பொறுப்பு வேறு. கடிதம் போடுகிற எல்லாரும் முதலாவதைச் சுமந்துகொண்டு இரண்டாவதைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

கே: என் மகளுக்கு 19 வயது. 'எனக்கு எதிர்காலமே இல்லைப்பா' என்று ராத்திரி அழுகிறாள். செல்போன் கோளாறுதானே?
— அப்பா, இந்திரா நகர்

ப: 2021-இல் லான்செட் குடும்பத்து இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு. இந்தியா உட்பட 10 நாடுகள், 16 முதல் 25 வயது வரை 10,000 பேர். 59 சதவீதம் பேருக்குப் பருவநிலை பற்றி மிகுந்த கவலை. பாதிக்கு மேற்பட்டவர்கள் வருத்தம், கையாலாகாத்தனம், குற்ற உணர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாட்டுக்கும் ஒரே செல்போனா கோளாறாகும்? பெரியவர்கள் தங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற நினைப்பும் அந்த வேதனையோடு சேர்ந்தே வருகிறது என்பதுதான் ஆய்வில் தைத்த வரி.

'எல்லாம் சரியாப் போயிடும்மா' என்று தலையைத் தடவாதீர்கள். அவள் உங்களைவிட அதிகம் படித்திருக்கிறாள். 'சரி, என்ன பண்ணலாம் சொல்லு' என்று பக்கத்தில் உட்காருங்கள். அழுகை நிற்கும். உங்கள் கார் சாவியைக் கேட்பாள். தயாராக இருங்கள்.

கே: மாமா, ரமணன் சார் இருந்தப்போ நிறைய லீவு வந்துச்சாமே. இப்ப ஏன் வரல?
— ஏழாம் வகுப்பு, ராஜா அண்ணாமலைபுரம்

ப: வானிலை மையத்து ரமணன் 2016-இல் ஓய்வு பெற்றுவிட்டார், தம்பி. மேகம் பெறவில்லை. பாடத்தை எடு.

கே: கல்யாணமாகி எட்டு மாதம். இந்த உலகத்தில் குழந்தை பெற்றுக்கொள்வது நியாயமா என்று இருவருக்கும் தயக்கம்.
— புதுமணத் தம்பதி, திருவான்மியூர்

ப: தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் ஏற்கெனவே இரண்டுக்குக் கீழே. பூமியின் பாரம் உங்கள் வீட்டுத் தூளியில் தொங்கவில்லை. வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் அறையில் நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். மாமியாரையும் ஐ.நா. சபையையும் ஹாலில் உட்காரவைத்துக் காபி கொடுங்கள்.

கே: எங்கள் வீட்டில் விறகில்லை, புகையில்லை. இன்டக்‌ஷன் அடுப்பு, மின்சார கார். பசுமைக் குடும்பம் என்று போர்டு வைக்கலாமா?
— கடற்காற்று வாங்குபவர், பெசன்ட் நகர்

ப: புகை இருக்கிறது, முகவரிதான் மாறியிருக்கிறது. அத்திப்பட்டு, வல்லூர் என்று வடசென்னையில் நிலக்கரி எரிகிறது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிகிறது. நண்டும் இறாலும் பிடித்தவர்கள் சாம்பல் பிடிக்கிறார்கள். 2017-இல் டி.எம். கிருஷ்ணா அங்கேயே போய் நின்று புறம்போக்கைப் பற்றிப் பாடினார். நாம் வீடியோவைப் பார்த்துவிட்டு, ராகமாலிகையில் எந்த ராகம் எடுப்பாக இருந்தது என்று சண்டை போட்டோம். போர்டு வையுங்கள், தடையில்லை. எண்ணூருக்கு ஓர் அம்புக்குறியும் போட்டுவிடுங்கள்.

கே: இதையெல்லாம் இப்போதுதான் கண்டுபிடித்தார்களா?
— வரலாறு முக்கியம், ராயப்பேட்டை

ப: கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று ஸ்வீடன்காரர் அரேனியஸ் 1896-லேயே கையால் கணக்குப் போட்டுவிட்டார். கொஞ்சம் சூடானால் நல்லதுதானே என்றும் நினைத்தார். பாவம், அவர் மே மாதத்தில் மாம்பலம் வந்ததில்லை.

கே: தமிழன் யாராவது இதில் சாதித்திருக்கிறானா? இல்லையென்று சொல்லிவிடாதீர்கள்.
— தமிழ்ப்பற்று, பனகல் பார்க்

ப: சென்னையில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலையில் பொறியியல் படித்துவிட்டு, செகந்திராபாத்தில் ஃப்ரிட்ஜ் கம்பெனி வேலை. குளிர்விக்கும் வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பதே உத்தியோகம். அலுத்துப்போய் அமெரிக்கா போனார். 1975-இல், ஃப்ரிட்ஜில் இருக்கும் குளோரோஃபுளோரோ கார்பன் வாயுவின் ஒரு மூலக்கூறு, வெப்பம் பிடிப்பதில் கார்பன் டை ஆக்சைடைப் போல் பத்தாயிரம் மடங்குவரை கெட்டிக்காரன் என்று உலகத்துக்குக் காட்டினார். வேலையில் பிடிபடாத கசிவை வானத்தில் பிடித்தார்.

அந்த வாயு ஓசோனையும் தின்றது. 1987-இல் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்பந்தம் போட்டன. ஓசோன் ஓட்டை இப்போது மெல்ல மெல்ல ஆறிவருகிறது. ஒன்று கேட்கிறேன்: உங்களில் எத்தனை பேர் ஓசோனை நினைத்துத் தலையணையை நனைத்தீர்கள்? சட்டம் வந்தது, கம்பெனிகள் வாயுவை மாற்றின. நீங்கள் வழக்கம்போல தோசை மாவை எடுத்து உள்ளே வைத்தீர்கள்.

கே: சட்டமா? நம் ஊரில் எவன் ஸார் மதிப்பான்!
— சலித்தவர், சி.ஐ.டி. காலனி

ப: உங்கள் மாடியிலிருந்து சுவரோரமாக ஒரு பி.வி.சி. குழாய் இறங்குகிறதே, அதை யார் மாட்டியது? 2003-இல் ஜெயலலிதா அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆகஸ்ட் 31 கெடு. இல்லாவிட்டால் தண்ணீர் இணைப்பு போய்விடும் என்றார்கள். பிளம்பர்களுக்கு மாப்பிள்ளை மரியாதை கிடைத்த ஒரே ஆடி மாதம் அது.

அதற்குப் பல வருஷம் முன்பே சேகர் ராகவன் என்ற இயற்பியல்காரர் பெசன்ட் நகரில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, மழையை மண்ணுக்குள் விடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். 2002-இல் மந்தைவெளியில் மழை இல்லம் என்று ஒரு விளக்கக்கூடமே திறந்தார். தட்டியவருக்குப் பாதிக் கதவு திறக்கவில்லை. அரசாங்கம் ஒரு தட்டுத் தட்டியதும் மீதி திறந்தது. அப்புறம் 'எப்படி மாட்டறது?' என்று ஓடியவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது. தனி மனிதனா, அரசாங்கமா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்களுக்கு ஒரு தகவல்: இரண்டு அணியும் ஒரே குழாயைப் பிடித்திருந்தன.

கே: கடல் பக்கத்தில்தானே இருக்கிறது? குடிநீராக்கிவிட்டால் கவலை தீர்ந்ததே.
— யோசனைக்காரர், சாந்தோம்

ப: ஆக்குகிறார்கள். மீஞ்சூர் ஆலை 2010-இல் திறந்தது, நெம்மேலி ஆலை 2013-இல். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் போகும். மின்சாரத்துக்கு நிலக்கரி. நிலக்கரியால் சூடு. சூட்டில் ஏரி வற்றும். ஏரி வற்றினால் கடல்நீர். பாட்டி வடை சுட்ட கதையிலாவது நரி வந்து முடித்து வைத்தது.

கே: 2019-இல் சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு ஹாலிவுட்டே வருந்தியதாமே?
— ரசிகர், வடபழனி

ப: லியனார்டோ டிகாப்ரியோ இன்ஸ்டாகிராமில் போட்டார். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்ட ஜூன் மாதம் அது. ஜூலை 12-இல் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்தது. டிகாப்ரியோவின் பதிவை ஏராளமானோர் பகிர்ந்தார்கள். ஜோலார்பேட்டைக்கு ஒரு நன்றிக் கார்டு போட்டவர் கையைத் தூக்குங்கள்.

கே: மழை எச்சரிக்கை வந்தால் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிறார்களே, இது சுயநலமா, சாமர்த்தியமா?
— பாதசாரி, வேளச்சேரி

ப: 2024 அக்டோபரில் பார்த்தோமே, ஒரே வரிசை. அனுபவம் கற்றுக்கொடுத்த சாமர்த்தியம், குறை சொல்ல மாட்டேன். காருக்கு மேட்டு நிலம் ஒதுக்கிவிட்டோம். பாலத்துக்கு அடியில் படுப்பவனுக்கு எந்தப் பாலம் என்பதுதான் பாக்கி.

கே: எனுக்கு ஏசி இல்ல, காரும் இல்ல. வெள்ளம் வந்தா மொதல்ல என் வூடுதான் போவுது. நானும் வருத்தப்படணுமா, ஸார்?
— வீட்டு வேலை செய்பவர், அடையாறு ஆற்றோரம் (எழுதிக் கொடுத்தது பேத்தி)

ப: வேண்டாம்மா. அந்த வேலையை முழு நேரமாகச் செய்ய இந்தப் பேட்டையில் ஆள் ஏராளம். மேலே உள்ள கடிதங்களே சாட்சி. 2015-க்குப் பிறகு ஆற்றோரக் குடிசைகளைப் பிரித்து உங்கள் அக்கம்பக்கத்தாரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் சதுப்பு நிலத்தின் பக்கம். அங்கேயும் தண்ணீர் ஏறுகிறது. ஆற்றோரத்து அடுக்குமாடிகளை யாரும் எங்கும் அனுப்பவில்லை. பேத்தியின் கையெழுத்து அழகாக இருக்கிறது. கலெக்டருக்கும் ஒரு மனு எழுதச் சொல்லுங்கள்.

கே: மஞ்சப்பை எடுத்துப் போனால் ரங்கநாதன் தெருவில் பிளாஸ்டிக் கவரில் போட்டு மஞ்சப்பைக்குள் வைக்கிறார்கள்!
— ஏமாந்தவர், தி.நகர்

ப: தடை 2019 ஜனவரி 1 முதல். 'மீண்டும் மஞ்சப்பை' 2021 டிசம்பர் முதல். கவர் மட்டும் எப்போதும் முதல். திருப்பிக் கொடுங்கள், கடைக்காரர் முறைப்பார், பழகிவிடும். இன்னொன்று: துணிப்பை பல தடவை கடைக்குப் போய்வந்தால்தான் பூமிக்கு லாபம். கல்யாணத்துக்குக் கல்யாணம் வாங்கி வந்த தாம்பூலப் பைகள் உங்கள் பரணில் எத்தனை? எண்ண வேண்டாம். மனசு உறுத்தும், மறுபடி எனக்குக் கடிதம் போடுவீர்கள்.

கே: அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் சோலார் போடலாம் என்றேன். 'வடாம் எங்கே காய வைக்கிறது?' என்று மடக்கிவிட்டார்கள்.
— தோற்ற செயலாளர், மந்தைவெளி

ப: நியாயமான கேள்வி. வடாமும் சூரிய சக்திதான், அதுவும் மானியம் இல்லாமல். சோலாருக்கு 2024 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் தனி வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். அடுக்குமாடிப் பொது விளக்கு, மோட்டாருக்குத் தனிக் கணக்கு. அடுத்த கூட்டத்தில் மாடி வரைபடத்தோடு போங்கள். தெற்கே பேனல், கிழக்கு ஓரம் வடாம் என்று கோடு போட்டுக் காட்டுங்கள். வடாம் கட்சியோடு கூட்டணி வைக்காமல் இந்த ஊரில் எவரும் ஜெயித்ததில்லை.

கே: பூமி நேரம் என்று ஒரு மணி நேரம் விளக்கை அணைத்தேன். பயன் உண்டா?
— இருட்டில் இருந்தவர், நந்தனம்

ப: கொசுவுக்கு. மின்வாரியம் 2012-இல் வெளியூர்களுக்கு இதையே நாளெல்லாம் நடத்தியது. ஒருவரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

கே: எலியட்ஸ் பீச்சில் நடுராத்திரியில் பிள்ளைகள் கூட்டமாக நடக்கிறார்கள். என்ன விஷயம்?
— சந்தேகப் பிராணி, கலாக்ஷேத்ரா காலனி

ப: தப்பாக நினைக்காதீர்கள், பிரசவம் பார்க்கிறார்கள். பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம். கடலாமைப் பாதுகாப்பு மாணவர் அமைப்பு 1988 முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. ஆமைக்கு ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது மணலின் சூடு. மணல் சூடாக இருந்தால் பெண். பூமி இப்படியே கொதித்தால் ஆமைகளிலும் மாப்பிள்ளைத் தட்டுப்பாடு வரும்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கு மேல் செத்து ஒதுங்கின. அங்கே முதல் சந்தேகம் சூட்டின் மேல் அல்ல, இழுவை வலையின் மேல்: மூச்சு விட மேலே வர முடியாமல் மாட்டிக்கொள்கின்றன. அந்தப் பிள்ளைகளை விடிகாலை நாலு மணிக்குப் பிடித்து, 'பூமியை நினைத்தால் வேதனையாக இருக்கிறதா?' என்று கேட்டுப் பாருங்கள். 'தூக்கம் வருது அங்கிள்' என்பார்கள்.

கே: அடையாறு ஆலமரம் செத்துவிட்டதாகச் சொல்கிறார்களே?
— பழைய மாணவர், அடையாறு

ப: நடுமரம் 1989-இல் புயல் காற்றில் சாய்ந்தது. விழுதுகள் நிற்கின்றன. செத்துவிட்டதா என்று கேட்டு வருகிறவர்கள் அதன் நிழலில்தான் நிற்கிறார்கள்.

கே: அந்தக் காலத்தில் சென்னையில் இவ்வளவு வெயில் உண்டா?
— எழுபது வயது, திருவல்லிக்கேணி

ப: நுங்கம்பாக்கத்தின் உச்சம் 45 டிகிரி, 2003 மே 31. உங்களுக்கு அப்போதே பேரன் இருந்திருப்பான். பகலைப் பார்க்காதீர்கள், ராத்திரி இறங்குகிறதா என்று பாருங்கள். கான்கிரீட் பகலில் வாங்கிய கடனை இரவில்தான் திருப்பித் தரும். மொட்டை மாடியில் பாய் விரித்த தலைமுறைக்கு அந்த வட்டி தெரியாது.

கே: நல்ல செய்தி ஒன்றாவது சொல்லுங்களேன்!
— நொந்தவர், ஆழ்வார்பேட்டை

ப: அடையாறு முகத்துவாரத்தில் குப்பை கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சீர்செய்து 2011-இல் தொல்காப்பியப் பூங்கா ஆக்கினார்கள், நீரும் பறவையும் திரும்பின. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. பறவைகள் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டன. மனை விற்கிறவர்கள் இன்னும் படிக்கவில்லை.

கே: கவுன்சிலரிடம் பருவநிலை மாற்றம் என்றால் சிரிக்கிறார்.
— வரி கட்டுபவர், மயிலாப்பூர்

ப: சிரிக்கட்டும். சென்னைக்கென்று பருவநிலைச் செயல்திட்டம் 2023-இல் வந்திருக்கிறது. 2050-இல் நிகர உமிழ்வு பூஜ்யம் என்பது அதில் இலக்கு. 2050 பற்றிக் கேட்டால் எந்தக் கவுன்சிலரும் சிரிப்பார். அவர் அப்போது இருக்கப்போவதில்லை. உங்கள் தெரு வடிகாலைத் தூர்வாருவது எந்த மாதம், எந்தத் தேதி என்று கேளுங்கள். சிரிப்பு நிற்கும்.

கே: ஊருக்கு உபதேசம் இருக்கட்டும். உங்கள் வீட்டு மழைநீர்க் குழி எப்படி இருக்கிறது, மாமா?
— விடாக்கண்டன், லஸ்

ப: மாட்டிக்கொண்டேன். இந்தக் கடிதம் வந்த அன்று போய் மூடியைத் தூக்கினேன். 2003-இல் மூடியது, அதற்கப்புறம் மனிதக் கை பட்ட அடையாளமே இல்லை. உள்ளே மழைநீரைத் தவிர எல்லாம் இருந்தது: ஒரு பிடி மண், பெயின்ட் டப்பா, கொலுவில் உடைந்த செட்டியார் தலை, டென்னிஸ் பந்து மூன்று. கூழாங்கல்லை அள்ளிக் கழுவி, மணலை மாற்ற ஓர் ஆளும் நானும் அரை நாள் உழைத்தோம். இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது, 26 டிகிரியில்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில். அதற்குள் உங்கள் மூடியையும் தூக்கிப் பாருங்கள். பந்து யாருடையது என்று பிறகு விசாரிக்கலாம்.